காருக்கும் உண்டு ஜாதகம்!

பிரிந்துபோன இஞ்சினையும் சேஸிஸையும் தேடிச் சேர்க்கும் பழங்கார் பிரியர்கள்

இரும்பின் அருமை கோலார் தங்கவயல் மக்களுக்குத் தெரியும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளும் தங்கத்தை மேலே கொண்டு வந்தவை இரும்பு இயந்திரங்கள்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம். அதற்குள் ஆட்களை இறக்கும் கூண்டில் ஒரு போல்ட் தேய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே ஃபிட்டர், டர்னர், மோல்டர் என்று கைத்தொழில் தெரிந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

இன்று தங்கவயலில் இருந்து ஏராளமானவர்கள் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது, கொட்டகையில் நிற்கும் ஓடாத காரையும் மோட்டார் சைக்கிளையும் என்ன செய்வது? பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போடுவதுதான் வழக்கம்.

அப்படித் தராசில் ஏறும் ஓர் இஞ்சினை, வேறு ஏதோ ஓர் ஊரில் ஒருவர் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டு இருக்கலாம். அவரிடம் வண்டி இருக்கும். அந்த வண்டியோடு பிறந்த இஞ்சின் மட்டும் இருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதையே ஒரு தவமாகச் செய்கிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் இருக்கிறார்கள்.

நம்பர்தான் ஜாதகம்

மனிதனுக்கு ஜாதகம் இருப்பதுபோல் மோட்டாருக்கும் ஜாதகம் உண்டு. அதுதான் நம்பர். சேஸிஸில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். இஞ்சினில் ஒரு நம்பர் இருக்கும். சில கார்களில் பாடிக்கும் தனி நம்பர் உண்டு. தொழிற்சாலையில் எந்தச் சேஸிஸில் எந்த இஞ்சினை ஏற்றினார்கள் என்பதைக் கம்பெனிகள் பேரேட்டில் எழுதி வைத்தன.

இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி ஒவ்வொரு சேஸிஸுக்கும் தனி அட்டை வைத்திருந்தது. காரை ஆர்டர் செய்தவர் யார், பாடி கட்டியவர் யார், இஞ்சின் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த அட்டைகள் இன்று ரோல்ஸ் ராய்ஸ் பிரியர்களின் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. மாரிஸ், ஆஸ்டின் முதலிய கார்களின் பழைய பேரேடுகள் கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் இருக்கின்றன. நம்பரை எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டினால், கார் தயாரான தேதி, முதல் நிறம், எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது முதலிய விவரங்களுடன் சர்டிபிகேட் தருகிறார்கள்.

பேரேட்டில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்தால், பழங்கார் பிரியர்களிடம் அந்த வண்டிக்குத் தனி மரியாதை. வேறு இஞ்சின் பூட்டியிருந்தால் அந்த மரியாதை குறைந்துவிடும். விலையும் குறைந்துவிடும்.

எப்படிப் பிரிந்தன?

இஞ்சின் ஓர் ஊரிலும் சேஸிஸ் ஓர் ஊரிலும் போய்ச் சேர்ந்தது எப்படி?

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார்களையும் உதிரிப் பாகங்களையும் இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு வந்தது. சீமைக் கார் ஒன்றில் கிராங்க்ஷாஃப்ட் உடைந்தால் புதிது கிடைக்காது. காரை நிறுத்தி வைக்கவும் மனம் வராது. கிடைத்த இஞ்சினைப் பூட்டி ஓட்டுவதுதான் ஒரே வழி. நம் ஊர் மெக்கானிக்குகள் அதில் கெட்டிக்காரர்கள்.

1973இல் உலகெங்கும் பெட்ரோல் விலை ஏறியது. பெரிய அமெரிக்கக் கார்களுக்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படி ஆகவில்லை. பிளைமவுத், டாட்ஜ் கார்களில் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் வைத்தார்கள். கழற்றிய இஞ்சின் பட்டறை மூலையில் கிடந்தது. அல்லது குஜிரி கடைக்குப் போனது.

இதைத் தவறு என்று சொல்ல முடியாது. அன்று வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் அன்று செய்த ரிப்பேர்தான் இன்று பழங்கார் பிரியர்களை ஊர் ஊராக அலைய வைக்கிறது.

ராஜாக்களின் கார்கள் கதை வேறு. 1960களில் வெளிநாட்டார் வந்து அவற்றை மலிவாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 1970களில் பழங்கார் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை போட்டது. அதற்குள் பல அருமையான வண்டிகள் கடல் கடந்துவிட்டன.

சுரங்கத்தில் ஒளிந்த கார்கள்

பிரிந்த பாகங்களைச் சேர்த்த கதைகளில் பெரிய கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. அங்கும் ஒரு சுரங்க ஊர் வருகிறது.

ஆட்டோ யூனியன் என்ற ஜெர்மன் கம்பெனி 1930களில் பந்தயக் கார்கள் செய்தது. வெள்ளி நிறம், டிரைவருக்குப் பின்னால் இஞ்சின். 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஓடிய 'டி' ரகக் காருக்கு 12 சிலிண்டர். இத்தாலிய வீரர் நுவோலாரி ஓட்டிப் புகழ் பெற்ற கார் இது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. தொழிற்சாலை இருந்த ஸ்விக்காவ் நகரத்துக்கு அருகே, ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டிடங்களில் கார்களை ஒளித்து வைத்தார்கள். குண்டுக்குத் தப்பின கார்கள். ஆனால் 1945இல் அந்தப் பகுதிக்கு வந்த ருஷியர்கள் அவற்றைக் கண்டுபிடித்து, போர் நஷ்ட ஈடாக ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே ஆராய்ச்சிக்காகப் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு திசைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் வாழ்ந்த பால் கராசிக், அவர் மனைவி பார்பரா இருவரும் அவற்றைத் தேடிப் புறப்பட்டார்கள். சோவியத் நாட்டில் கெடுபிடி நிறைந்த காலம் அது. பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தேடல் நடந்தது. ஓர் இடத்தில் சேஸிஸ், இன்னோர் இடத்தில் இஞ்சின், மற்றோர் இடத்தில் கியர்பாக்ஸ் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்து வெளியே கொண்டு வந்தார்கள்.

இங்கிலாந்தில் உள்ள கிராஸ்த்வெயிட் அண்ட் கார்டினர் பட்டறையில் வேலை நடந்தது. ஆட்டோ யூனியனின் வாரிசான ஆடி கம்பெனியும் உதவியது. சேர்ந்த பாகங்களில் இருந்து இரண்டு கார்கள் உருவாயின. 1990களில் அவை மறுபடி ஓடின. 2012இல் அவற்றில் ஒன்றை ஆடி கம்பெனியே வாங்கிக்கொண்டது. தாய்வீட்டை விட்டுப் போன கார், 67 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது!

மண்ணுக்குள் 42 ஆண்டுகள்

இன்னொரு கார் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. அதன் பெயர் 'பாப்ஸ்'. விமானத்துக்காகச் செய்த 27 லிட்டர் லிபர்ட்டி இஞ்சின் பூட்டிய வேகக் கார். 1927 மார்ச் 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டில் பென்டைன் என்ற கடற்கரையில் உலக வேக சாதனைக்கு முயன்றபோது கவிழ்ந்தது. ஓட்டிய பாரி தாமஸ் இறந்தார். காரை அந்த மணலிலேயே புதைத்துவிட்டார்கள்.

1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அதைத் தோண்டி எடுத்தார். 42 ஆண்டுகள் உப்பு மணலில் கிடந்த இரும்பு எப்படி இருக்கும்? தேறியதைத் தேற்றினார். தேறாததற்கு மற்றவர்களின் உதவியை நாடினார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு பாப்ஸ் மறுபடி உறுமியது. தனி ஒருவர் கையால் மட்டும் நடக்கக்கூடிய காரியம் அல்ல இது.

தேடுவது எப்படி?

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் வேலை பட்டியல். ஒரு ரகக் காருக்கென்று ஒரு சங்கம் ஏற்படும். எந்தெந்தச் சேஸிஸ் நம்பர் யார் யாரிடம் இருக்கிறது என்று அந்தச் சங்கம் குறித்து வைக்கும். உதிரியாகக் கிடக்கும் இஞ்சின் நம்பர்களையும் குறிக்கும். இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்தால், பிரிந்த ஜோடி அகப்பட்டுவிடும்.

இரண்டாவது, சந்தை. இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1967 முதல் பழைய மோட்டார் பாகங்களுக்கென்றே சந்தை நடக்கிறது. அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில் அக்டோபர் மாதம் கூடும் சந்தையும் பேர் பெற்றது. நம் நாட்டில் இதற்கென்று தனித் திருவிழா தேவை இல்லை. சென்னைப் புதுப்பேட்டை, கல்கத்தா முல்லிக் பஜார், பெங்களூர் சிவாஜிநகர் குஜிரி ஆகியவற்றில் எந்நாளும் சந்தைதான்.

மூன்றாவது, விட்டுக்கொடுப்பது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஒருவரிடம் ஓர் இஞ்சின் சும்மா கிடக்கிறது. அதற்கு உரிய சேஸிஸ் வைத்திருப்பவர் வந்து கேட்கிறார். இவர் நினைத்தால் பத்து மடங்கு விலை சொல்லலாம். அல்லது, "கொடுக்க மாட்டேன், எனக்கே தேவைப்படும்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் இரண்டு பேரிடமும் முழு வண்டி இராது. நல்ல சங்கங்களில் பண்டமாற்று நடக்கிறது. உன் சேஸிஸுக்கு உரியது என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டிய வேறொன்றை நீ தேடிக்கொடு என்பதுதான் ஒப்பந்தம்.

கிடைக்கவே கிடைக்காத பாகங்களும் உண்டு. அதற்கும் கூட்டு முயற்சிதான் வழி. ஒரு பாகத்துக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து வார்ப்பது பெரும் செலவு. அதே பேட்டர்னில் ஐம்பது பேருக்குச் சேர்த்து வார்த்தால் தலைக்குக் கொஞ்சம்தான் விழும். மோல்டிங் பட்டறை பார்த்த தங்கவயல்காரருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டாம்.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

நம் பக்கத்துக் கார்களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு நல்ல உதாரணம். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் சுமார் பத்து ஆண்டுகள் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். இங்கிலாந்தில் அந்தக் காருக்குப் பெரிய சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. ஆகவே இஞ்சின், பிரேக் சாமான்களுக்கு அங்கிருந்து உதவி கிடைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். டிரயம்ப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் பின் கதவுக்கு லண்டனில் ஆயிரம் பவுன் கொடுத்தாலும் கிடைக்காது. எங்கோ ஒரு கொட்டகையில் கோழி அடைக்கும் கூண்டுக்குக் கதவாக நின்றால்தான் உண்டு!

எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கோர்த்த ஆஸ்டின் ஏ40 காரும் இப்படித்தான். அந்தக் கம்பெனிதான் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரி, பஸ் என்று அது வேறு வழியில் வளர்ந்துவிட்டது. ஆஸ்டின் கார் வைத்திருப்பவருக்கு இன்று துணை, அதே கார் வைத்திருக்கும் இன்னொருவர்தான்.

மைசூர் ஜாவா

கார் வாங்கும் வசதி எல்லோருக்கும் ஏது? தொழிலாளியும் குமாஸ்தாவும் கனவு கண்ட வண்டி ஒன்று நம் கர்நாடகத்திலேயே பிறந்தது. அதுதான் ஜாவா. செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா கம்பெனியின் லைசென்சுடன் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. 1970களில் வண்டியின் பெயர் எஸ்டி என்று மாறியது. கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர், இரண்டு சைலன்சர், 'டப் டப்' என்ற சத்தம்! அந்தச் சத்தத்தைக் கேட்டே, வருவது யார் என்று தெரு சொல்லிவிடும்.

1996இல் தொழிற்சாலை மூடிக்கொண்டது. வேலை இழந்த தொழிலாளர்களின் துயரம் தங்கவயலுக்குப் புதிதல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்து இங்கும் அதுவே நடந்தது.

தொழிற்சாலை போனாலும் வண்டி போகவில்லை. பெங்களூரிலும் மைசூரிலும் சென்னையிலும் ஜாவா பிரியர்கள் சங்கம் வைத்தார்கள். ஒருவரிடம் டாங்க், ஒருவரிடம் மாக்னெட்டோ, ஒருவரிடம் பழைய கையேடு. மாற்றி மாற்றிக் கொடுத்து வண்டிகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜாவா தினம். அன்று இந்த வண்டிகள் அணிவகுத்து ஓடுகின்றன. 2018இல் ஜாவா என்ற பெயரில் புது வண்டியும் கடைக்கு வந்தது. ஆனால் பழைய வண்டிக்குப் பழைய சாமான்தான் வேண்டும்.

கோர்ட்டுக்குப் போன பென்ட்லி

எத்தனை பாகம் மாறினால் அது பழைய கார் இல்லை என்று ஆகும்? கோடாரிக்கு இரண்டு முறை பிடி மாற்றி, ஒரு முறை இரும்பும் மாற்றினால், அது தாத்தாவின் கோடாரியா? இந்தக் கேள்வி லண்டன் கோர்ட்டுக்கே போனது.

'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார் 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பிறகு அதற்கு வேறு இஞ்சின் வைத்தார்கள். 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் நடந்த விபத்தில் அதன் டிரைவர் இறந்தார். மறுபடி பழுது பார்த்துப் புதுப் பாடி கட்டினார்கள். 1990இல் அந்தக் காரை ஒரு கோடி பவுனுக்குப் பேசினார்கள். வாங்க வந்தவர்கள், "பந்தயத்தில் வென்ற காரின் பாகம் இதில் அதிகம் இல்லை" என்று சொல்லி மறுத்தார்கள். வழக்கு நடந்தது.

நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பாகங்கள் மாறின, ஆனால் காரின் வரலாறு எங்கும் அறுந்து போகவில்லை, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரியதே என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு பாடம் உண்டு. இரும்பைப் போலவே காகிதமும் முக்கியம். பழைய ஆர்.சி. புத்தகம், ரசீது, காரின் முன் நின்று எடுத்த போட்டோ ஆகியவைதான் வரலாற்றுக்குச் சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் ஆன சொந்த உபயோகக் கார், மோட்டார் சைக்கிள் இரண்டுக்கும் இது பொருந்தும். பதிவுக் கட்டணம் ரூ. 20,000. பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க ரூ. 5,000. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும்.

முக்கியமான நிபந்தனை ஒன்று: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பிரிந்த இஞ்சினைத் தேடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்பா விட்டுப்போன ஜாவாவுக்கும் இதே விதிதான். இப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது முதலியவற்றுக்கு அனுமதி உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. ஆசையில் கண்ட இஞ்சினை வாங்கிவிடக் கூடாது. திருட்டு வண்டியின் பாகமும் சந்தைக்கு வரும். விற்பவரிடம் ரசீதும் பழைய பதிவு விவரமும் கேட்டு வாங்க வேண்டும். இஞ்சின் மாற்றினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். நம்பரைத் தேய்த்து வேறு நம்பர் அடிப்பவன் பழங்கார் பிரியன் அல்ல, மோசடிக்காரன்.

எடைக்குப் போடுமுன்...

கொட்டகையில் பழைய வண்டி நிற்கிறதா? பானெட்டைத் திறந்து, துருவைத் துடைத்து, தகட்டில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இஞ்சினில் பொறித்துள்ள நம்பரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நம்பர் பொருந்தினால் உங்களிடம் இருப்பது முழுக் குடும்பம். பொருந்தாவிட்டால் உங்கள் வண்டியில் இருக்கும் இஞ்சினுக்கு வேறு எங்கோ ஒரு வீடு இருக்கிறது. பெங்களூரில் கர்நாடகப் பழங்கார் சங்கம் இருக்கிறது. ஜாவா பிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

விற்பதற்கு ஒன்றும் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மாக்னெட்டோ சுற்றவும், தேய்ந்த புஷ்ஷை லேத்தில் கடைந்து கொடுக்கவும், நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்தவும் ஆள் கிடைக்காமல் பழங்கார்காரர்கள் திண்டாடுகிறார்கள். அந்தக் கை தங்கவயலில் இன்னும் இருக்கிறது. தலை நரைத்த ஃபிட்டர்கள் தெரிந்ததை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால், கார்களோடு சேர்ந்து ஒரு தொழிலும் பிழைக்கும்.